பாட்டியின் வெள்ளி ரூபாய்

வரலாற்றுப் பாடக் கட்டுரைக்காக அமெரிக்காவின் நெவாடா மாநிலச் செனட்டர் கீ பிட்மனைப் பற்றித் தேடினேன். 1913 முதல் 1940 வரை அப்பதவியில் இருந்தவர். செனட்டர்களின் கடிதங்களும் கோப்புகளும் அரசுடைமையல்ல. அவரவர் சொந்தச் சொத்து. எரித்திருந்தாலும் கேட்பாரில்லை. பிட்மனுடையவை வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக உள்ளன.

1918இல் இந்தியாவில் மக்கள் காகித நோட்டுகளை நம்பாமல் வெள்ளி ரூபாய் கேட்டுக் குவிந்தனர். பிரிட்டன் அமெரிக்காவை நாடியது. அவ்வாண்டு ஏப்ரலில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன; பெரும்பகுதி இந்தியாவுக்காக விற்கப்பட்டது. அதற்கு ஈடாக உள்நாட்டுச் சுரங்க வெள்ளியை அவுன்சுக்கு ஒரு டாலர் விலையில் அரசு வாங்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது. நெவாடா வெள்ளிச் சுரங்க மாநிலம். பிட்மனின் அக்கறை புரிந்தது.

படித்ததும் பாட்டியின் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் 1918 என்று பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்று உண்டு. கொள்ளுப்பாட்டி ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது. அது அமெரிக்க வெள்ளிதானா என்று யாராலும் சொல்ல முடியாது.

விடுமுறையில் பாட்டியிடம் கேட்டேன்.

“உங்க அம்மா எந்தக் கப்பல்ல வந்தாங்க, பாட்டி?”

“தெரியலையேப்பா. அம்மாகிட்ட நான் கேட்கவே இல்ல.”

அந்தக் கேள்விக்கு இனி எந்த நூலகத்திலும் பதில் கிடைக்காது. பாட்டிக்குத் தெரிந்த மற்றவற்றையாவது இழக்கக்கூடாது என்று அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் அந்த ரூபாயைப் பற்றி எழுதியிருக்கிறேன்.