இந்த ஒரு லயம் நிற்கட்டும்

கினிகத்தேனைக் கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கித்துல்கல பக்கமிருந்து ஏறிவரும் மேகம் முட்டிக் கொட்டுகிற மலை இது. பக்கத்து வட்டவளையில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மழையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பார்க்கப் போனது ஒரு கூரையை.

பிரதான வீதியிலிருந்து தோட்டத்துப் பாதையில் முக்கால் மணி நேர நடை. கொழுந்து மடுவத்தைத் தாண்டி, பிள்ளைக்காம்பராவுக்கு மேலே அந்த லயம் நிற்கிறது. ஒரே வரிசையில் பத்துக் காம்பரா. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்து எட்டுக் குடும்பங்கள் இறங்கிப் போய்விட்டன. மிச்சமிருக்கிற இரண்டும் தைப்பொங்கலுக்குள் போய்விடும். காற்றுக்குத் தகரம் பறந்துவிடாமல் கூரையில் கல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சுவர் கருங்கல்லும் மண்ணும். சுண்ணாம்பு, இஸ்தோப்புப் பக்கத்தில் மட்டும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"இதத்தான் அண்ணே வச்சுக்கணும்னு சொல்றோம்" என்றார் என்னைக் கூட்டிப்போன தம்பி. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். நான்கு காம்பரா வாசிகசாலைக்கும் பின்னேர வகுப்புக்கும்; இரண்டில் வீடு வீடாகக் கிடக்கும் பழைய சாமான்கள்; மிச்சம் நல்லது கெட்டதுக்குக் கூடிக்கொள்ள. ஐந்தாறு இளைஞர்கள் சேர்ந்து சீ.ஆர். கொப்பி ஒன்றில் செலவுக் கணக்கு எழுதத் தொடங்கியிருந்தார்கள். தகரம், மரம், சீமெந்து, பெயின்ட், திறப்பு விழா என்று பக்கம் நிறைந்திருந்தது.

கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பாட்டி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எதுக்குடா சாமி இத வைக்கிறீங்க? இடிச்சுப் போடுங்க. ஆறு புள்ள பெத்தேன் இந்தக் காம்பராவுல. மழ பெஞ்சா ரெண்டு புள்ளைய சாக்குல சுத்தி மடியில வச்சிக்கிட்டு விடியிற வரைக்கும் உக்காந்திருப்பேன். அதையா வந்து பாக்கப் போறாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நானும் இப்படி ஒரு காம்பராவில் பிறந்தவன்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்தான் அடுப்பு, அதற்குள்தான் படுக்கை, கல்யாணம் முடித்த மகனுக்கு ஒரு சேலை மறைப்பு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கியபோது அவர்கள் இருந்ததும் இதே வரிசைகளில்தான். லயத்தை விட்டுப் போவது விடுதலை. அந்த விடுதலையைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனாலும் பாட்டியிடம் நான் நினைப்பதைச் சொன்னேன். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை இன்று பெரிய ஹோட்டல். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையைத் திருத்தி 2001இல் தேயிலை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். மெஷின்களைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். தொரைமார் இருந்த பங்களாக்களில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். எல்லாம் நிற்கட்டும், நல்லதுதான். லயம் மட்டும் ஒன்றுகூட இல்லாமல் போனால், நூறு வருஷம் கழித்து வருகிற பிள்ளைக்கு இந்த மலையில் தொரைமாரும் மெஷினும் மட்டுமே இருந்ததாகத் தெரியும். நீங்கள் சாக்கில் சுற்றி மடியில் வைத்த பிள்ளை கணக்கிலேயே வராது.

பாட்டி கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "அப்ப அடுப்ப அப்படியே விடுங்க. கரியத் தேய்ச்சு வெள்ளையடிச்சு வைக்காதீங்க" என்றார்.

மறுநாள் அந்தத் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் என்னோடு கம்பளைக்கு வந்தார்கள். இதை ஏற்கெனவே செய்துகாட்டிய ஓர் இடம் அங்கே இருக்கிறது. கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டிக்கு இறங்கி, அங்கே பஸ் மாறினோம். 1874இல் ரயில் நாவலப்பிட்டி வரைக்கும் வந்து, பத்து வருஷம் கழித்துத்தான் ஹட்டனுக்கு ஏறியது.

பஸ்ஸில் பேச்செல்லாம் காசைப் பற்றித்தான். எங்கள் சனத்துக்குக் காசு சேர்க்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயில் காசு செக்ரோலிலேயே பிடிபட்டு, அந்தக் காசில்தான் மலைக்கு மலை மாரியம்மன் கோயில் எழும்பியது. சங்கத்துச் சந்தாவும் அப்படித்தான். மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டம் அபூர்வம். 1927 நவம்பரில் காந்தி கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்து மலைநாட்டுக்கும் ஏறினார். தோட்டத்துச் சனம் அவர் கையிலும் காசு கொடுத்தது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 200 பேர் மாசம் நூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 2,40,000. தகரம் மாற்ற அது பெரிய தொகை. நூறு ரூபாயும் கனக்கிற வீடுகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் காசாகக் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைவேலையாகக் கேட்கலாம்.

நியூ பீக்கொக் தோட்டத்தில் இருக்கிறது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கியது. புதுக் கட்டடம் எழுப்பாமல், தோட்டத்துக்குள்ளேயே, பழைய லயக் காம்பராக்களைத் திருத்தி அதற்குள் வைத்திருக்கிறார்கள். குனிந்துதான் நுழைந்தோம். வேலைச் சாமான்கள், வீட்டுச் சாமான்கள், வாத்தியங்கள், பழைய கடதாசிகள். கூட வந்த பையன் ஒருவன் இரண்டு கையையும் விரித்து அறையின் அகலத்தை அளந்து பார்த்தான். இரண்டு விரிப்பில் முடிந்துவிட்டது. புத்தகத்தில் பத்தடி என்று படித்தால் இது விளங்காது. ஹந்தானையில் மெஷினைப் பார்க்கிறவன் அண்ணாந்து பார்க்கிறான். இங்கே வருகிறவன் குனிகிறான். இந்தக் குனிவுக்காகவே ஒரு லயம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆவணங்கள் இருந்த பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். எங்கள் வீடுகளில் கடதாசி தங்குவதில்லை. ஒழுக்குக்கும் கறையானுக்கும் போனது பாதி. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு டிரங்குப்பெட்டியோடு கப்பலேறிப் போனது மீதி. அப்பாவின் பிரஜாவுரிமைக் கடதாசி எங்கள் வீட்டில் தகரக் குழாய் ஒன்றில் சுருட்டிக் கிடந்தது. இப்போது குழாய்தான் இருக்கிறது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது தம்பி கேட்டார்: "அண்ணே, காசு சேந்திரும்னு வச்சுக்குவோம். பெறகு யாராச்சும் வந்து வெளிய போங்கன்னா?"

இதுதான் கேள்வி. லயம் நிற்கிற நிலம் நம்முடையது இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. குத்தகை 2045 வரைக்கும். பிரதேச சபைப் பணம் தோட்டத்துக்குள் ஒரு மூட்டை சீமெந்தாகக்கூட வரமுடியாதபடி 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடுத்து வைத்திருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். நூற்றைம்பது வருஷம் குடியிருந்தவர்கள் தங்கள் கூரைக்குத் தகரம் போட அடுத்தவரிடம் எழுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், சனம் தங்கள் காசில் ஒரு பழைய கட்டடத்தைத் திருத்தி வாசிகசாலை வைத்தார்கள். வாய்வார்த்தையில் அனுமதி. அனுமதி கொடுத்தவர் மாற்றலாகிப் போனார். வந்தவர் அதற்குப் பூட்டுப் போட்டு உர மூட்டை அடுக்கினார். புத்தகங்களை மழையில் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு அங்கே எதற்குக் காசு கேட்டாலும் சனம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சேர்த்த காசு போனதைவிட அந்த நம்பிக்கை போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் தம்பியிடம் நான் சொன்னது ஒன்றுதான்: முதல் ரூபாய் வாங்குவதற்கு முன்னால் எழுத்து வாங்குங்கள். கம்பனியின் கையெழுத்து, காணிக்குச் சொந்தக்காரரான அரச நிறுவனத்தின் கையெழுத்து, எத்தனை வருஷம் என்ற கணக்கு, எல்லாம் ஒரே கடதாசியில். அதன் பிரதி கோயில் சுவரில் ஒட்டட்டும். பிரதேச சபைக்கும் இப்போதே எழுதுங்கள். கேட்கிற உரிமை இப்போது இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம் பிள்ளைகளும் அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் காசு அனுப்புவார்கள். இன்னொன்று, திறப்பு விழாவுக்குக் காசு எப்படியும் வந்துவிடும். ரிப்பன் வெட்ட ஆளும் வரும். மூன்றாம் வருஷம் துருப்பிடிக்கிற தகரத்துக்கு யாரும் தரமாட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்தில். அதில் ஒன்று பெண்ணுடையதாக இருக்கட்டும். சீட்டுக் கணக்கில் ஒரு சதம் பிசகாமல் நடத்துகிறவர்கள் அவர்கள்தான்.

திரும்பும்போது நாவலப்பிட்டி தாண்டியதும் மழை. பஸ் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, மங்கல் வெளிச்சத்தில் தம்பி சீ.ஆர். கொப்பியை எடுத்தார். குலுக்கலில் பேனை ஓடவில்லை. கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் கொஞ்சம் நின்றபோதுதான் எழுதினார். திறப்பு விழா என்ற வரியை அடித்துவிட்டு மேலே 'அனுமதிக் கடதாசி' என்று எழுதினார். பெயின்ட் என்ற வரிக்கு வந்ததும் பேனையை எடுத்துக்கொண்டு யோசித்தார். பிறகு அதன் பக்கத்தில் சின்னதாக எழுதினார்: 'கடைசிக் காம்பரா அடுப்புச் சுவர் தவிர.'