உமரி முளைத்த குளம்

நெய்தற் பாடல்களைக் கற்பிக்கும்போதெல்லாம் கண்டலைப் பற்றி நயம்படப் பேசியவர்கள் நாம். ஆனால், கண்டலுக்குப் பின்னே தரையோடு தரையாய்ப் படர்ந்து கிடக்கும் உமரியைப் பார்க்க நாம் கற்றதில்லை. அந்த அறியாமைக்கான விலையை, 2019 ஆம் ஆண்டிலே முந்தல் களப்போரத்தில், எம் மாணவரே செலுத்தினர்.

புத்தளக் கரையில் 1980களிலே இறால் பண்ணைகள் பெருகத் தொடங்கின. கண்டற் காடுகளும் அவற்றையடுத்த உவர்ச் சதுப்புகளும் குளங்களாக வெட்டப்பட்டன. ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் களப்பிலிருந்தும் நீரை எடுத்த பண்ணைகள், கழிவையும் அங்கேயே விட்டன. ஒரு குளத்தின் நோய் மறு குளத்தின் நீராயிற்று. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியது. முதல் போட்டவர்கள் பலர் போய்விட்டனர். அணைகள் மட்டும் நின்றன. நண்டுக்கும் கீரைக்கும் ஏழைகள் நடந்து திரிந்த நிலம் வெடித்த சேறாய் எஞ்சியது.

அத்தகைய குளமொன்றிலே, ஓர் அமைப்புத் தந்த கண்டற் கன்றுகளை மாணவருடன் நட்டோம். படம் பிடித்தார்கள், உரையாற்றினார்கள், நாமும் ஆற்றினோம். எட்டு மாதத்தில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. "எங்கட பிழையா, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எம்மிடம் விடை இருக்கவில்லை.

விடை சொன்னவர், களப்பிலே நண்டு பிடித்துப் பிழைக்கும் அவளுடைய பாட்டி. "இது உமரித் தரை, சேர். தண்ணி வந்து போனாத்தான் இதில ஏதும் நிற்கும். முதல்ல அந்த அணையை வெட்டுங்க."

அந்தச் சொல்லிலே விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருந்தது. எமது கரைகளில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. ஆகவே, எச்செடி எங்கே வாழும் என்பதைச் சில அங்குல உயரமே தீர்மானிக்கிறது. நீரோட்டம் தடைப்பட்டால் உப்பு தேங்கும். காற்றுப்பட்ட சேற்றின் கந்தகச் சேர்மங்கள் அமிலமாகும். விதையைக் கொண்டுவருவதும் அந்த நீரே. இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையிலே, தொலெஸ்பரியில், 1995 இல் கடலணையை வேண்டுமென்றே உடைத்து 21 ஹெக்டேயர் விளைநிலத்துள் கடலை விட்டார்கள். உமரியின் உறவினச் செடிகள் தாமாகவே வந்து முளைத்தன. இலங்கையிலோ, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் 1,000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நடப்பட்டும், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே தேறியதென 2017 இல் வெளியான ஆய்வொன்று கூறியது.

அணையை வெட்ட எமக்கு உரிமை இல்லை, அது குத்தகைக்காரருடையது. மனுக்கள் எழுதினோம், பதில் வரவில்லை. பின்னொரு மாரியில் வெள்ளம் அதன் ஒரு மூலையை உடைத்தது. திருத்த யாரும் வரவில்லை. இரண்டாம் ஆண்டுக் கோடையிலே குளத்தின் ஓரமெங்கும் உமரி சிவந்து நின்றது. பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

இவ்வாண்டு அந்நிலத்தை அளக்க ஆட்கள் வந்தார்கள். வெறுஞ்சேறாய்க் கிடந்த காலத்தில் உரிமை பேசாதவர்கள், உயிர் வந்தபின் உரிமை பேசுகிறார்கள். செடி மீளுவது நிலம் மீளுவதில் பாதியே. மற்றப் பாதிக்காக ஊர்மக்களோடு மீண்டும் மனு எழுதுகிறோம். இம்முறை முதற் கையொப்பம் பாட்டியுடையது.