முளை அடிக்கிறவர்கள்

"சனிக்கிழமை நேரம் பிடிக்க ஆள் காணாது. வாறியா மச்சான்?"

கல்முனையில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நண்பர் தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான். பாடசாலை நேரத்துக்கு வெளியே, ஊர்ப் பிள்ளைகள் அறுபது பேரைச் சேர்த்து அவரும் இன்னும் சிலரும் ஓட்டக் கழகம் ஒன்றை நடத்திவருகிறார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. நோன்பு பிடிக்கத் தொடங்குமுன் ஒரு நாள் போட்டி வைத்து, வலய மட்டத்துக்கு அனுப்பக்கூடிய பிள்ளைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். களுவாஞ்சிக்குடி, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கொண்டு போகும் வீதி அது. பிள்ளைகளைப் பற்றி எழுதும் எண்ணத்தோடு போனேன். ஆனால் அந்த இரண்டு நாளும் என் கண் போனதெல்லாம், பிள்ளைகள் ஓடுவதற்கு முன்னும் பின்னும் வெயிலில் குனிந்து நின்றவர்கள் மீதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அசர் தொழுகைக்குப் பிறகு மைதானத்துக்குப் போனோம். கடலுக்குக் கிட்ட இருக்கும் மணல் நிலம். மாரி மழையில் முளைத்த புல் இன்னும் காயவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நடுவில் குந்தியிருந்தார். பக்கத்தில் சுத்தியல், இரும்பு முளைகள், 50 மீற்றர் இரும்பு நாடா, ஒரு சுருள் கட்டுக்கம்பி. ஊரில் மேசன் வேலை செய்கிறவர். எல்லாரும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்த மைதானத்தில் 400 மீற்றர் ஓடுபாதை போட இடம் போதாது. 200 மீற்றர்தான் போடலாம். இரண்டு பக்கமும் 50 மீற்றர் நேர்கோடு, இரண்டு முனையிலும் அரைவட்டம். அரைவட்டத்தின் ஆரம் 15.72 மீற்றர். பிள்ளை கோட்டின் மேல் ஓடாது, கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளித்தான் அதன் ஓட்டம் விழும் என்று வைத்துக் கணித்த எண் அது. காக்கா முதலில் நான்கு முளை அடித்து ஒரு செவ்வகம் கட்டினார். பிறகு மூலைக்கு மூலை நாடாவைப் பிடித்தார். ஒரு மூலைவிட்டம் 59.06. மற்றது 59.10.

"நாலு சென்ரிமீற்றர்தானே காக்கா," என்றேன்.

"வீடு கட்டக்குள்ள நாலு சென்ரிமீற்றர் பிழைச்சா சுவர் கோணும் தம்பி. இஞ்ச பிழைச்சா ஆருக்கும் தெரியாது. ஓடுற புள்ளைக்கும் தெரியாது. அதுதான் கூடக் கவனம் வேணும்."

முளையைப் பிடுங்கித் திரும்ப அடித்தார். இரண்டும் 59.06 ஆகும்வரை விடவில்லை.

வளைவு கீறும்போதுதான் கட்டுக்கம்பியின் பயன் விளங்கியது. கரைவலைக்காரர் வாழும் கரை இது, கயிறுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நைலோன் கயிறு இழுத்த இழுப்புக்கு நீளும். ஆரம் 10 சென்ரிமீற்றர் கூடினால் ஒரு சுற்றில் 63 சென்ரிமீற்றர் கூடிவிடும். கொங்கிரீட் வேலைக்குக் கம்பி கட்டும் அந்த மெல்லிய இரும்புக் கம்பி அப்படி நீளாது. நடு முளையில் அதை மாட்டி, மறுமுனையில் ஆணியைப் பிடித்துக்கொண்டு காக்கா பின்னோக்கி நடந்தார். அளக்கும்போதெல்லாம் நாடாவின் மறுமுனை என் கையில் இருந்தது. "மனெ, இறுக்கிப் புடி. நாடா தொய்ஞ்சா ஓட்டம் குறையும்," என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. அவர் கீறிய தடத்தின் மேல் ஒரு பையன் வெள்ளைத் தூளைத் தூவிக்கொண்டு வந்தான். முன்பு சுண்ணாம்பு போட்டார்களாம். நீறாத சுண்ணாம்பு பிள்ளைகளின் கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும் என்று சோக்குத் தூளுக்கு மாற்றியதும் காக்காதான்.

பிறகு தொடக்கக் கோடுகள். வளைவில் ஓடும் பந்தயத்தில் வெளித் தடத்துப் பிள்ளையை முன்னால் நிறுத்துவதை எல்லாரும் பார்த்திருப்போம். "அந்தப் புள்ளைய ஏன் முன்னுக்கு விடுறீங்க?" என்று எல்லாப் போட்டியிலும் ஒரு தகப்பன் சத்தம் போடுவார். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீற்றர். வட்டத்தின் ஆரம் 1.22 கூடினால் சுற்றளவு 7.67 கூடும். ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு தடமும் 7.67 மீற்றர் முன்னால் நிற்க வேண்டும். உள்விளிம்பில் கட்டை உயர்த்திய பெரிய அரங்குகளில் இரண்டாம் தடத்துக்கு மட்டும் 7.04, அதற்கப்பால் அங்கும் இதே 7.67தான். "வட்டம் சின்னனோ பெரிசோ, கணக்கு ஒண்டுதான் தம்பி," என்றார் காக்கா. பெரிய நகரத்துச் செயற்கை ஓடுபாதைக்கும் இந்த மணல் தரைக்கும் ஒரே கணக்கு என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

மேசன் ஒருவருக்கு ஓடுபாதைக் கணக்கில் ஏன் இவ்வளவு அக்கறை? மஃரிபுக்குப் பிறகு தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது சொன்னார்.

இளம் வயதில் கட்டாருக்குப் போனவர். அங்கே நில அளவையாளர் ஒருவருக்குக் கோல் பிடிக்கும் வேலை. அளக்கப் பழகியது அந்தப் பாலைவனத்தில். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் இந்தக் கரைக்குள் ஏறியபோது அவர் டோகாவில் இருந்தார். அன்று இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மனைவியும் மகளும் தப்பினார்கள். கடற்கரையோர வீடு போய்விட்டது. ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. வீடிழந்தவர்களுக்குப் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு அத்திவாரக் கோடு போடும் வேலை வருடக்கணக்காக இருந்தது.

சில வருடம் கழித்து மகள் ஒரு போட்டியில் ஓடினாள். ஒரு சுற்று ஓட்டம். நான்காம் தடம். கடைசியாக வந்தாள். வீட்டில் வந்து, "எனக்கு ஓட ஏலா வாப்பா," என்று அழுதாள். அன்று பின்னேரம், எல்லாரும் போன பிறகு, நாடாவை எடுத்துக்கொண்டு தனியாக அந்த மைதானத்துக்குப் போயிருக்கிறார். 23 மீற்றர் முன்னால் நின்றிருக்க வேண்டிய பிள்ளையை 12 மீற்றரில் நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவர்களைவிடப் பதினொரு மீற்றர் அதிகமாக ஓடித்தான் அவள் கடைசியாக வந்தாள்.

"போய்க் கேட்டீங்களா?"

"கேட்டு என்ன? கோடு போட்டவரும் பாவம், ஆரோ காட்டிக் குடுத்தத செஞ்சவர். மகளுக்கு மட்டும் சொன்னன். அவ நம்பல்ல. நான் ஆறுதலுக்குச் சொல்றன் எண்டு நினைச்சா. அதுக்குப் பிறகு அவ ஓடவும் இல்ல."

மகளுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கழகம் தொடங்கிய நாளிலிருந்து கோடு போடும் வேலையைக் காக்கா வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. இப்போது தூள் தூவும் பையனுக்கு மட்டும் கற்றுக்கொடுத்து வருகிறார்.

சனிக்கிழமை சுபஹு தொழுகை முடிந்ததும் மைதானம் நிறையத் தொடங்கியது. மார்பு இலக்கம் குத்துவதும், பெயர்ப் பட்டியல் பார்ப்பதும், வயதுக்கேற்பப் பிரிப்பதுமான வேலைகளை ஓர் ஆசிரியை பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் ராத்தா என்று கூப்பிடும் அவர், பெண் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு நேரம் பிடிக்க நான்கு பெண்களைப் பழக்கியும் வைத்திருந்தார். பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் சம்மதித்ததே அந்தப் பெண்கள் வந்த பிறகுதான் என்றார் நண்பர். பாய்தல், எறிதல் பக்கம் நான் போகவில்லை. என்னை முடிவுக் கோட்டில் நிறுத்திவிட்டார்கள்.

அங்கே தலைவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். ஊர் முழுக்க அவருக்குச் சேர். என் கையில் ஸ்டொப் வொச் ஒன்றைத் தந்து, முதலில் சொன்னது: "சத்தத்துக்கு அமத்தாதீங்க. பலகைக்கு அமத்துங்க."

துப்பாக்கி அங்கே இல்லை. பிணைச்சல் போட்ட இரண்டு பலகைகள், உட்புறம் வெள்ளை. ஓட்டம் தொடக்கிவைப்பவர் அதைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து, "ஆயத்தம்" என்று சொல்லி, அடித்து மூடுவார். பிள்ளைகளுக்குச் சத்தம்; நேரம் பிடிப்பவர்களுக்கு அந்த வெள்ளை மறையும் கணம். 100 மீற்றர் அப்பால் நிற்பவரிடம் சத்தம் வந்துசேர ஏறக்குறைய 0.3 செக்கன் ஆகும். சத்தம் கேட்டு அமத்தினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த 0.3 செக்கன் இனாமாகப் போய்விடும். அந்தப் பொய் நேரத்தை நம்பிப் பிள்ளை வலயத்துக்குப் போகும். அங்கே சரியாக நேரம் பிடிப்பார்கள். தன் ஓட்டம் குறைந்துவிட்டது என்று அந்தப் பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்.

முதல் ஓட்டத்தில் நான் சத்தத்துக்குத்தான் அமத்தினேன். பழகிய காது முந்திக்கொண்டது. என் கடிகாரம் மற்ற இரண்டையும்விட 0.3 செக்கன் குறைவாகக் காட்டியது. சேர் எதுவும் சொல்லாமல் மூன்றையும் எழுதினார். மூன்றும் வெவ்வேறாக இருந்தால் நடு நேரம். இரண்டு ஒத்தால் அந்த நேரம். இரண்டு கடிகாரமே இருந்தால் கூடிய நேரம். கையால் பிடித்த நேரம் 12.11 என்று வந்தால் அது 12.2 ஆகத்தான் எழுதப்படும். பக்கத்தில் நிற்பவரின் கடிகாரத்தை எட்டிப் பார்க்கக் கூடாது; பேசி ஒத்துக்கொள்ளவும் கூடாது. ஒருவருடைய பிழையை மற்றவரின் நேர்மை திருத்தட்டும் என்பதற்காகவே மூன்று பேர். நேரம் நிறுத்த வேண்டியது தலையோ கையோ காலோ கோட்டைத் தொடும்போதல்ல, உடலின் நடுப்பகுதி வந்து சேரும்போது. நான்காவது ஓட்டத்துக்குப் பிறகுதான் என் விரல் கண்ணுக்குக் கீழ்ப்படிந்தது.

1954 மே 6ஆம் திகதி ஒக்ஸ்போர்ட்டில் ரொஜர் பனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடியதும் இப்படிக் கையால் பிடித்த நேரம்தான். மனிதனால் முடியாது என்று பலர் சொன்னதை அவர் செய்தார் என்பதற்கு, விரலைக் கவனமாக வைத்திருந்த சிலரே சாட்சி. அப்படிக் கையால் பிடித்த நேரம் கைவிடப்பட்ட கதையும் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சல். அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு மூன்று கடிகாரமும் 55.0, 55.1, 55.1 காட்டின. அவுஸ்திரேலியாவின் ஜோன் டெவிட்டுக்கு மூன்றும் 55.2. தங்கம் டெவிட்டுக்குப் போனது. நடுவர்களின் கண்ணே முந்தியது. கடிகாரம் பிடித்தவர்கள் சரியாகச் செய்த வேலையை மேலே இருந்தவர்கள் தள்ளிவைத்தார்கள்.

பத்து மணிக்கு 1500 மீற்றர். 200 மீற்றர் பாதையில் அது ஏழரைச் சுற்று. தொடக்கம் ஒரு பக்கம், முடிவு எதிர்ப் பக்கம். சுற்று எண்ணுபவர் பத்தொன்பது வயதுப் பையன். கழகத்தில் ஓடியவன், முழங்கால் அடிபட்டதால் ஓட்டத்தை விட்டவன். பதினான்கு பிள்ளைகளின் இலக்கத்துக்கும் தனித்தனி வரிசை போட்ட தாள் ஒன்று மடியில். மூன்றாம் சுற்றிலேயே முன்னால் ஓடுபவனும் பின்னால் வருபவனும் கலந்துவிட்டார்கள். யார் எத்தனையாவது சுற்று என்று பார்ப்பவர் யாருக்கும் தெரியவில்லை. அவன் மட்டும் இலக்கத்தைச் சொல்லிச் சொல்லிக் கோடு கீறிக்கொண்டிருந்தான். ஒரு தரம்கூடத் தலையைத் தூக்கி யார் முந்துகிறார் என்று பார்க்கவில்லை. பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கவும் சேர் விடவில்லை.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 1932 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 3000 மீற்றர் தடைதாண்டல் இறுதிப் போட்டியில் சுற்று எண்ணுவதில் பிழை வந்தது. ஓட்டக்காரர் எல்லாரும் ஒரு சுற்றுக் கூடுதலாக, ஏறக்குறைய 3460 மீற்றர் ஓடினார்கள். பின்லாந்தின் இசோ-ஹொலோ எப்படியும் வென்றார். 3000 மீற்றரில் இரண்டாவதாக இருந்த அமெரிக்கர் மக்லஸ்கி, அந்தக் கூடுதல் சுற்றில் மூன்றாமிடத்துக்குப் போனார். ஒலிம்பிக்கிலேயே ஒருவர் எண்ணத் தவறினால் இதுதான் கதி. கல்முனையில் அன்று மணி சரியான நேரத்தில் அடித்தது. கடைசியாக வந்த சின்னப் பையனுக்கும் அவனுடைய ஏழரைச் சுற்று சரியாகக் கிடைத்தது.

இனி, மனதில் கிடக்கும் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் போட்டி என்றால் நம் ஊர்களில் முதலில் பந்தலும் ஒலிபெருக்கியும் பதாகையும் வருகின்றன. பதாகையில் அதிதிகளின் படங்கள். ஓடும் பிள்ளையின் படம் இல்லை. அனுசரணை வாங்கித் தருவதாக இடையில் ஒருவர் வந்து நிற்பார். அவர் கொண்டுவருவது பொன்னாடையும் நினைவுச் சின்னமும். பிரதம அதிதி பிந்தி வந்தால், அணிவகுப்புக்கு நிற்கும் பிள்ளைகள் வெயிலில் காத்திருக்க வேண்டும். வேறொரு ஊரில், வேறொரு வருடம், அப்படி நின்ற ஒரு சிறுமி மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று மேடையில் போர்த்திய பொன்னாடைகளின் காசுக்கு நல்ல கடிகாரங்களும் ஓர் இரும்பு நாடாவும் வாங்கியிருக்கலாம். மேடையில் இருந்த யாருக்கும் அது தோன்றவில்லை. கோடு போட்டவரையோ நேரம் பிடித்தவரையோ சுற்று எண்ணியவரையோ பெயர் சொல்லி அழைத்து நன்றி சொன்ன மேடையை நான் இதுவரை கண்டதில்லை.

இது மரியாதை கேட்கும் பேச்சு மட்டுமல்ல. காக்காவுக்குப் பொன்னாடை தேவையில்லை. அவர் வாங்கவும் மாட்டார். அவருக்குத் தேவை, தனக்குப் பிறகு நாடா பிடிக்க ஓர் ஆள். சேருக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் தெளிவாக இருக்கும்வரைதான் என்கிறார். ஆள் இல்லாமல் போனால் கழகம் மூடப்படாது, ஓட்டமும் நடக்கும். கோடுகள் மட்டும் கோணும். நேரம் பொய் சொல்லும். எங்கோ ஒரு பிள்ளை பதினொரு மீற்றர் அதிகமாக ஓடிவிட்டு, தன்னால் முடியாது என்று வீட்டில் அழும். அது பிழையான கோடு என்று அதற்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

ஓடும் பிள்ளைக்கு நாம் ஊக்கம் கொடுப்பதாகச் சொல்கிறோம். கைதட்டுகிறோம். அதைவிடப் பெரிய கொடை, பிழையில்லாத தூரமும் பிழையில்லாத நேரமும். அதைக் கொடுக்கப் பணம் தேவையில்லை. ஓடத் தெரிந்திருக்கவும் வேண்டாம். ஒரு காலைப்பொழுதும், பக்கத்தில் பேச்சு நடந்தாலும் சிதறாத கவனமும் இருந்தால் போதும்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிடும்போது மோட்டார் சைக்கிளைத் திருப்பாதீர்கள். நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் குந்தியிருப்பார். "நாடாவின் மற்றப் பக்கத்தை நான் பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள்.