பதின்மூன்று ஆட்டங்களின் அனுபவம்

போர்த்துக்கல் நாட்டு உதைபந்தாட்ட ரசிகர்கள் தம் கழகத்தின் தலைவரையோ பயிற்றுவிப்பாளரையோ போய்விடு என்று சொல்ல விரும்பினால் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வீசுவார்கள். வழியனுப்பும் சைகையையே துரத்துவதற்கும் வைத்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் லிஸ்பன் நகரத்து ஸ்போர்ட்டிங் கழகத்தின் ரசிகர்கள் தம் தலைவருக்கெதிராகக் கொதித்துக்கொண்டிருந்தபோது, பல்லாயிரம் மைல்களுக்கு இப்பால் யாழ்ப்பாணத்திலிருந்து நாமும் மனத்தளவில் ஒரு கைக்குட்டையை வீசிக்கொண்டிருந்தோம்.

எமக்கும் அக்கழகத்துக்கும் என்ன உறவென்று வாசகர்கள் கேட்பது நியாயமே. எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் கணிதக் கொப்பியின் அட்டையில் கிறிஸ்தியானோ ரொனால்டோவின் படத்தை ஒட்டியிருந்தான். கண்டிக்கப் போனோம். "இவர் படிச்ச பள்ளிக்கூடம் எது தெரியுமா, சேர்?" என்று கேட்டான். ஸ்போர்ட்டிங் கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர் ரொனால்டோ என்பதை அன்றுதான் அறிந்தோம். அதன் பின்னர் அக்கழகத்தின் செய்திகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எம்மைப் பற்றிக்கொண்டது. மாணவன் படித்து முடித்துப் போய்விட்டான், பழக்கம் போகவில்லை.

1906இல் தோன்றிய அக்கழகம் எந்தத் தனிச் செல்வந்தனுக்கும் சொந்தமானதன்று. அங்கத்தவர்கள் வாக்களித்துத் தலைவரைத் தெரிவுசெய்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நியதி அங்கில்லை. அங்கத்துவத்தின் ஆண்டுகள் கூடக்கூட ஒருவர் கையிலுள்ள வாக்குகளும் கூடும். 2018 செப்டெம்பரில் நடந்த தேர்தலில் பிரெடெரிக்கோ வரண்டாஸ் என்ற மருத்துவர் தலைவரானார். அவருக்கு வாக்களித்த மனிதர்களைவிட அவருடைய எதிராளிக்கு வாக்களித்த மனிதர்கள் அதிகம். ஆயினும் மூத்த அங்கத்தவர்களின் கனத்த வாக்குகள் வரண்டாசின் பக்கம் விழுந்தன. மூப்புக்கு மதிப்பளிக்கும் அந்த வாக்குகளால் வந்தவர்தான் ஒன்றரை ஆண்டில் ஓர் இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அவர் பொறுப்பேற்ற வீடு எரிந்து முடிந்த வீடு. அவ்வாண்டு மே மாதத்திலே முகமூடியணிந்த ரசிகர் கும்பலொன்று கழகத்தின் பயிற்சி மைதானத்துள் புகுந்து விளையாட்டு வீரர்களையும் பயிற்றுவிப்பாளரையும் தாக்கியிருந்தது. வீரர்கள் சிலர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினர். அன்றைய தலைவரை அங்கத்தவர்களே பதவியிலிருந்து இறக்கினார்கள். கழகம் கடைசியாகத் தேசிய லீக்கை வென்றது 2002இல்.

2020 ஜனவரியில், அணியின் தலைசிறந்த வீரரான புரூனோ பெர்னாண்டெஸ் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு விற்கப்பட்டார். மார்ச் மாதத்தில், அப்பருவத்தின் நான்காவது பயிற்றுவிப்பாளராக ரூபன் அமோரிம் அறிவிக்கப்பட்டார். வயது 35. முதற்பிரிவுக் கழகமொன்றுக்காக அவர் நடத்திய ஆட்டங்கள், எல்லாப் போட்டிகளையும் சேர்த்து, பிராகா கழகத்துக்காக நடத்திய 13 மட்டுமே. அவரை விடுவிப்பதற்கு ஸ்போர்ட்டிங் கொடுக்க இணங்கிய தொகை 1 கோடி யூரோ!

ரசிகர்களின் கோபத்தை வெறும் மூர்க்கம் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. அதனுள் பல கோபங்கள் அடங்கியிருந்தன. விளையாடுபவனை விற்றுவிட்டு விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பவனை வாங்குவதா என்பது ஒன்று. அவர் பரம வைரியான பென்பிக்காவிலே விளையாடியவர், சிறுவயதிலிருந்தே அதன் பற்றாளர் என்பது இன்னொன்று. போதாக்குறைக்கு, முதற்பிரிவில் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருப்பதற்குரிய உயர்தரச் சான்றிதழ் அவரிடம் இருக்கவில்லை. ஏட்டில் உதவியாளர் என்று பதிந்துகொண்டு மைதானத்தில் தலைவராக நின்றார். பயிற்றுவிப்பாளர் சங்கம் முறையிட்டது. தொழிற்சங்க உணர்வு உடலில் ஊறிய நாம் ஒரு கணமும் தயங்காமல் சங்கத்தின் பக்கமே நின்றோம். ஆண்டுக்கணக்காகப் படித்துச் சான்றிதழ் பெற்றவன் வாசலில் நிற்க, பெறாதவன் உள்ளே போவதை எந்தத் தொழிலாளி ஏற்பான்? இன்றும் எமக்கு அந்தக் கேள்வி செத்துப்போன கேள்வியாகத் தோன்றவில்லை.

அறிமுகக் கூட்டத்திலே, தவறிப்போனால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்டபோது, சரியாக நடந்துவிட்டால் என்ன என்று அமோரிம் திருப்பிக் கேட்டார். அதைப் படித்துவிட்டு, வாய்க்கொழுப்பு என்று சொன்னோம். சொன்ன இடம் எமது ஆசிரியர் ஓய்வறை. சொன்னவுடன் எதிரே இருந்த சக ஆசிரியர் ஒருவர் எம்மை நிமிர்ந்து பார்த்த பார்வையின் பொருள் எமக்கு உடனே விளங்கிற்று. அந்த வார்த்தையை நாம் அவ்வறையில் சொல்வது அதுதான் முதல் தடவையன்று.

2019 ஜனவரியில், இரண்டாண்டு மட்டுமே சேவை செய்த இளம் ஆசிரியர் ஒருவருக்கு உயர்தர வகுப்பின் பௌதிகவியல் கொடுக்கப்பட்டது. அவர் அதைக் கேட்டுப் பெறவில்லை. மூத்தவர் இருவருக்கிடையே அவ்வகுப்பு யாருக்கென்று பிணக்கிருந்தது. அப்பிணக்கைத் தீர்க்க வகையறியாத நிர்வாகம் இடையில் இவரைத் தூக்கி வைத்தது. நாம் ஐந்து பேர் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். பிள்ளைகளின் எதிர்காலம், அனுபவமின்மை, பரீட்சைப் பெறுபேறு என்று சொற்களை அழகாக அடுக்கியவர் நாமேதான்; மொழிநடை நன்றாக இருப்பதாக மற்றவர்கள் பாராட்டவும் செய்தார்கள். அவருடைய வகுப்பின் யன்னலோரமாக ஒருநாளாவது நின்று அவர் படிப்பிப்பதைக் கேட்டோமா என்றால், இல்லை. முதலாந் தவணை முடிந்ததும் வகுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இடமாற்றம் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவரை நடுவில் வைத்த நிர்வாகத்தைப் பற்றி எமது கடிதத்தில் ஒரு வரியும் இருக்கவில்லை.

லிஸ்பனுக்குத் திரும்புவோம். அமோரிம் வந்த சில நாட்களில் கொள்ளைநோய் வந்தது. ஆட்டங்கள் நின்றன. வீரர்களின் ஊதியம் வெட்டப்பட்டது. ஊழியர்கள் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். பிராகாவுக்குக் கொடுக்கவேண்டிய பணமும் உரிய நாளில் போய்ச்சேரவில்லை. பருவம் முடிந்தபோது அணி நான்காம் இடத்தில் நின்றது. ஒக்டோபரில், ஒஸ்திரியாவின் லாஸ்க் கழகம் லிஸ்பனுக்கே வந்து 4-1 என்று அடித்து, ஐரோப்பியப் போட்டியிலிருந்து அவர்களை வெளியேற்றிற்று. அன்று அம்மைதானத்தில் நாற்பதினாயிரம் பேர் இருந்திருந்தால் நாற்பதினாயிரம் கைக்குட்டைகள் பறந்திருக்கும். ஆனால் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. ரசிகர்களுக்கு அனுமதி இல்லை.

அந்த வெறுமையே அவருக்குக் காலத்தைக் கொடுத்தது என்பது எமது எண்ணம். இதை எழுதுவது எமக்கு உவப்பானதன்று. மக்கள் கூடும் இடத்தில்தான் நீதி பிறக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம்.

அமோரிம் தம்மைப் போன்ற இளைஞர்களைத் துணைக்கழைத்தார். நூனோ மென்டெஸ் 17 வயதில் முதலணிக்கு வந்தார். ஆனால் இளைஞர் மட்டுமே சாதித்தனர் என்று யாரும் மேடை போட்டுப் பேசவேண்டாம். முப்பது கடந்த உருகுவே நாட்டுத் தலைவர் கோவாட்டெஸ் பின்வரிசையைத் தாங்கினார். கடைசி நிமிடங்களில் முன்னே ஓடிவந்து அவர் தலையால் முட்டிய கோல்கள் இல்லையேல் பல ஆட்டங்கள் வேறுவிதமாக முடிந்திருக்கும். 2021 மே 11ஆந் திகதி, 19 ஆண்டுகளின் பின்னர் ஸ்போர்ட்டிங் லீக்கை வென்றது. அப்பருவத்தின் 34 ஆட்டங்களில் தோற்றது ஒன்றில் மட்டுமே. அதுவும் பட்டம் உறுதியான பின்னர். உள்ளே விடப்படாத ரசிகர்கள் மைதானத்தின் வெளியே திரண்டு, பொலிசாரோடு மோதி, அழுது, பாடினார்கள். சரியாக நடந்துவிட்டால் என்ன என்ற அந்தக் கேள்வி அவர்களுடைய கோஷமாயிற்று.

பத்து மாதம் கழித்து வரண்டாஸ் மீண்டும் தேர்தலுக்கு நின்றார். 2018இல் 42 சதவீத வாக்குகளைப் பெற்றவர், 2022 மார்ச்சில் 85 சதவீதத்துக்கும் மேல் பெற்றார். அணி வென்றது நல்லதே. ஆனால் சான்றிதழ் பற்றிய கேள்வி என்னவாயிற்று? ஒரே பருவத்தில் நான்கு பயிற்றுவிப்பாளர்களை மாற்றிய நிர்வாகம் பற்றிய கேள்வி? வெற்றி அவற்றுக்கு விடை சொல்லவில்லை, வாயடைத்தது. ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்திய மாதங்களை அதன் பின்னர் யாரும் பேசக் காணோம்.

ரசிகர்கள் முழுக்கச் சரியாக இருந்த ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். ஸ்பெயினின் வலென்சியா கழகத்தின் பெரும்பங்கை 2014இல் சிங்கப்பூர்க் கோடீஸ்வரர் பீற்றர் லிம் வாங்கினார். 2015 டிசெம்பரில் அவர் கரி நெவிலைப் பயிற்றுவிப்பாளராக நியமித்தார். நெவில் அதுவரை எந்தக் கழகத்துக்கும் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தவரல்லர். இங்கிலாந்திலே சிறு கழகமொன்றில் லிம்மின் பங்காளி. லீக்கில் 16 ஆட்டங்களில் 3 வெற்றி. பார்சலோனாவில் 7-0 என்று ஒரு தோல்வி. மார்ச் மாத முடிவில் வீட்டுக்கனுப்பப்பட்டார். அந்நகர மக்கள் நெவிலின் அனுபவமின்மையைத் திட்டத் தொடங்கினாலும், நாளடைவில் தம் சுவரொட்டிகளில் லிம்மின் பெயரையே எழுதினார்கள். கேள்வி சரியான வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

2024 நவம்பரில் அமோரிம் மன்செஸ்டருக்குப் போனார். அனுபவசாலி என்ற பெயரோடு அங்கே போனவர் முதற் பருவத்தை 15ஆம் இடத்தில் முடித்தார் என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கிறோம். அவர் விட்டுப்போனபோது ஸ்போர்ட்டிங் லீக்கில் ஆடிய 11 ஆட்டங்களையும் வென்றிருந்தது. அவருடைய இடத்துக்குக் கழகத்தின் இரண்டாம் அணியைப் பயிற்றிய ஜுவாவ் பெரெய்ரா கொண்டுவரப்பட்டார். 2021இல் பட்டம் வென்ற அணியில் மூத்த வீரராகத் தம் ஆட்டவாழ்வை முடித்துக்கொண்ட அதே பெரெய்ரா. முதற்பிரிவில் அவருக்கு 13 ஆட்டங்களின் அனுபவமும் இல்லை. ஆனால் அமோரிம் ஏற்றது இடிந்த வீடு. எதைக் கட்டினாலும் கட்டியதாகத் தெரியும். பெரெய்ரா ஏற்றதோ ஓடிக்கொண்டிருந்த யந்திரம். எதைத் தொட்டாலும் கெடுத்ததாகத் தெரியும். இப்போது ஆசனங்கள் நிறைந்திருந்தன. 8 ஆட்டங்கள்: 3 வெற்றி, 1 சமநிலை, 4 தோல்வி. நத்தார் முடிந்த மறுநாள் அவர் நீக்கப்பட்டார். அந்தப் பருவத்தின் பட்டத்தைக் கழகம் வேறொருவரின் கீழ் வென்றது. நியமித்த தலைவர் தம் கதிரையிலேயே இருந்தார்.

அச்செய்தி வந்த இரவு, பல வருடங்களாக எம்மோடு தொடர்பில்லாத ஓர் எண்ணிலிருந்து எமது கைத்தொலைபேசிக்கு இரண்டு வரிகள் வந்தன. அவரும் இந்த ஆட்டங்களைப் பார்ப்பவர் என்பது எமக்குத் தெரிந்திருக்கவில்லை. ஐந்து பேர் கையொப்பமிட்ட கடிதத்தின் நடை யாருடையதென்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்பதையும் நாம் அதுவரை எண்ணிப்பார்த்ததில்லை.

"அவருக்கு எட்டு ஆட்டம் கொடுத்தாங்கள், சேர். எனக்கு ஒரு தவணை."

இப்போது அவர் கற்பிக்கும் பாடசாலையில் உயர்தர வகுப்பு அவரிடம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு பதிலை எழுதினோம். அழித்தோம். மறுபடி எழுதினோம். அன்றிரவு அது அனுப்பப்படவில்லை.