கூட்டுக்கான பூசல்: துறவி நண்டுகள் பற்றிய நாட்குறிப்புகள்

ஆவணி, வளர்பிறை. புன்னைக்காயல்.

துறவி நண்டு எனப்படுவது, முன்னுடலில் மட்டுமே கடினமான ஓட்டைப் பெற்று, வயிற்றுப் பகுதி தோல்போல மென்மையாகவும் வலப்புறம் சுருண்டும் அமைந்துவிட்ட காரணத்தால், இறந்த நத்தை, சங்கு வகைகளின் வெற்றுக்கூட்டைத் தேடி அதனுள் உடலைச் செருகிக்கொண்டு வாழும் பத்துக்கால் உயிரியாகும். வால்நுனியில் கொக்கிபோல் வளைந்த சிற்றுறுப்புகள் கூட்டின் உள்ளே செல்லும் நடுத்தண்டைப் பற்றிக்கொள்வதால், வெளியிலிருந்து இழுப்பவருக்கு நண்டு கிழிந்துபோகுமேயன்றி எளிதில் கழன்று வருவதில்லை. உலகில் அறியப்பட்ட 1000க்கும் மேற்பட்ட துறவி நண்டினங்களுள் பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. சீனோபிட்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவையோ வளர்ந்தபின் நிலத்தில் வாழ்ந்து, முட்டைகளைப் பொரியவிடுவதற்காகக் கடலோரம் திரும்புகின்றன. இந்நூற்றாண்டில் வளர்ப்புப் பிராணியாக விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த நிலவாழ் இனங்களே.

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி, எட்டாவதும் கடைசியுமான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டியபின் மழைக்காலத்திலன்றிக் கணிசமான நன்னீரைக் கொண்டுவருவதில்லையாதலால், ஆவணி மாதத்தில் புன்னைக்காயல் முகத்துவாரம் ஏறத்தாழக் கடலாகவே இருக்கிறது. இத்தகைய தமிழகக் கழிமுகங்களின் சேற்றில், கண்டல் வேர்களுக்கிடையே, கிளிபனேரியஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிறு துறவி நண்டுகள் பரவலாகக் காணப்படுகின்றன. மன்னார் வளைகுடாவின் துறவி நண்டுகளை, சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் 1893இல் வெளியிட்ட ஆய்வு முறையாக விவரித்தது. 1905இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சார்பில் ஆல்காக் தொகுத்த பட்டியல் இந்தியக் கடல்கள் முழுமைக்குமான பெயர்வரிசையை நிலைநிறுத்தியது. இவ்விரு நூல்களிலும் நண்டுகளின் உருவம் துல்லியமாக அளக்கப்பட்டுள்ளது. அவை ஒன்றோடொன்று எவ்வாறு பழகின என்பதை எழுதும் காலம் அப்போது வந்திருக்கவில்லை.

ஆவணி, தேய்பிறை. அதே கரை.

நீர் வற்றிய வேளையில் சேற்றுக்குழிகளில் இரண்டு நண்டுகள் எதிர்ப்படும்போது, முதலில் உணர்கொம்புகள் உரசிக்கொள்கின்றன. அடுத்து ஒன்று கொடுக்கை முன்னே நீட்டிக் காட்டுகிறது, அல்லது நடைக்கால் ஒன்றை உயர்த்துகிறது. 1960களில் இத்தகைய அசைவுகளைத் தனித்தனிச் சைகைகளாகப் பிரித்து ஆராய்ந்த அமெரிக்க விலங்கியலாளர் பிரையன் ஹாஸ்லெட், பெரும்பாலான சந்திப்புகள் காயமின்றி முடிவதையும், சிறியது விலகிச் செல்வதே வழக்கம் என்பதையும் எடுத்துக்காட்டினார். சண்டை என்று சொல்லத்தக்கது அதன்பின் தொடங்குவதாகும்: தாக்கும் நண்டு மற்றதன் கூட்டைக் கால்களால் பற்றித் திருப்பி, தன் கூட்டை அதன்மீது மீண்டும் மீண்டும் மோதுகிறது. மோதல்கள் தொகுதி தொகுதியாக வந்து, இடையே சிறிது நிறுத்தமும் பெறுகின்றன. உள்ளே ஒடுங்கிய நண்டு இறுதியில் பிடியைத் தளர்த்தி வெளியே வருமாயின், வெறுமேனியாக அருகிலேயே காத்திருந்து, வென்றது கழற்றிவிட்ட பழைய கூட்டில் நுழைந்துகொள்கிறது. தாக்கியது களைத்துப்போனால் இருவரும் அவரவர் கூட்டுடன் பிரிகின்றனர்.

ஐரோப்பியக் கடல்களில் வாழும் பகூரஸ் பெர்ன்ஹார்டஸ் என்னும் இனத்தில் ராபர்ட் எல்வுட், மார்க் பிரிஃபா ஆகியோர் பல்லாண்டுகள் நடத்திய ஆய்வுகள் இம்மோதலைக் கணக்காகவே மாற்றிக் காட்டின. மோதல்களின் விறுவிறுப்பும், நிறுத்தங்களின் குறுக்கமும் வெற்றியோடு தொடர்புடையவை என 1998இல் அவர்கள் வெளியிட்டனர். 2001இல், தோற்று விலகும் தாக்குநண்டின் உடலில் லாக்டேட், அதாவது கடும் உழைப்பின்போது தசையில் சேரும் கழிவுப்பொருள், மிகுதியாக இருந்ததையும் அளந்தனர். எனவே மோதல் என்பது வெறும் இடித்தல் அன்று. தாக்குபவரின் உடல்வலுவை எதிரிக்குத் தெரிவிக்கும் செய்தியாகவும் அது செயல்படுகிறது. ஹாஸ்லெட் 1978இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, இரு நண்டுகளும் தத்தம் உடலுக்குப் பொருந்தாத கூட்டில் இருக்குமாயின் இப்பூசல் இருவருக்கும் நன்மையளிக்கும் பண்டமாற்றாகவும் முடியலாம் என முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் இக்கருத்தை முழுமையாக ஏற்கவில்லை என்றாலும், சண்டையின் பொருள் எதிரியின் உடல் அன்று, அது அணிந்துள்ள கூடுதான் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

புரட்டாசி. பாளையங்கோட்டை.

வீட்டின் முன்னறையில் வைக்கப்பட்ட கண்ணாடித் தொட்டியொன்றில் நிலவாழ் துறவி நண்டுகள் சில ஒன்றாக விடப்பட்டிருக்கின்றன. ஒரு விரல் ஆழத்துக்கு உலர்ந்த மணல், ஒரு கிண்ணம் குழாய்நீர், அலங்காரத்துக்காக வண்ணம் பூசிய இரண்டு சங்குகள், அவ்வப்போது அரிசியும் பிஸ்கட்டும். பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளின் நிலை இதுவே. இந்நிலையில் பெரிய நண்டு ஒன்று சிறியதன் மேலேறிக் கூட்டைக் கவிழ்த்து, கொடுக்கால் உள்ளே துழாவுவதைக் காண்போர், அந்த ஒரு நண்டு முரட்டுக் குணமுடையது என முடிவுகட்டி அதைத் தனியே பிரிக்கின்றனர். அதை நீக்கிய தொட்டியில் அடுத்த பெரிய நண்டு அதே செயலைத் தொடங்குவதைக் கண்டபின்னும் இந்த விளக்கம் கைவிடப்படுவதில்லை என்பது வியப்புக்குரியது.

நிலவாழ் இனங்களின் பூசலில் மோதலைவிடப் பற்றி உலுக்கலும் இழுத்தலும் மிகுதி. கோஸ்டா ரிக்கா நாட்டுக் கடற்கரையில் சீனோபிட்டா கம்ப்ரெஸஸ் இனத்தை ஆராய்ந்த மார்க் லைட்ரே, இவ்வகை நண்டுகள் தாம் பெற்ற கூட்டை அப்படியே பயன்படுத்தாமல், உட்சுவரைத் தேய்த்து, நடுத்தண்டைக் குறைத்து, வாயிலை அகலப்படுத்தி, தலைமுறைகளாகக் கைமாற்றிக்கொள்கின்றன என்று 2012இல் காட்டினார். நத்தை விட்டுச்சென்ற புதுக்கூடு உள்ளே கனமாகவும் இடமின்றியும் இருப்பதால், இவ்வினத்தின் வளர்ந்த நண்டுக்கு அது ஏற்றதன்று. வேறொரு நண்டு ஏற்கெனவே செதுக்கிய கூடே ஏற்றது. அத்தகைய கூடோ எப்போதும் வேறொரு நண்டின் உடலில்தான் இருக்கிறது. லூயிஸ் ராபர்ட்ஸும் லைட்ரேயும் 2019இல் மேலும் ஒன்றைக் கண்டனர்: தாக்கப்படும் நண்டு உள்ளிருந்தபடி அதிர்வை எழுப்பி, கூட்டுக்கு உரியவர் உள்ளே இருப்பதையும் தம் வலுவையும் உணர்த்துகிறது. தொட்டியில் இரவில் கேட்கும் கிறீச்சொலியும் இவ்வகைத் தகராறோடு தொடர்புடையதாகவே இருக்கக்கூடும். வீட்டார் அதைப் பல்லியின் சத்தம் எனக் கொள்கின்றனர்.

ஆகவே தொட்டியில் அலங்காரத்துக்கு வைத்த இரண்டு வண்ணச் சங்குகள் நண்டுகளின் கணக்கில் கூடுகளே அல்ல. கூட்டின் நீளம் பொருட்டன்று. வாயிலின் அகலமும் வடிவமும் உடலோடு பொருந்த வேண்டும். ஒவ்வொரு நண்டுக்கும் அதன் இப்போதைய கூட்டின் வாயிலைவிடச் சற்றுப் பெரிதாகச் சில வெற்றுக்கூடுகள் கிடக்குமாயின், தாக்குவதற்கான காரணத்தில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. எஞ்சிய பகுதி உணவில் உள்ளது. அரிசியும் பிஸ்கட்டும் மட்டும் பெறும் நண்டுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாமையால், அது அவற்றை வேறிடத்தில் தேடுகிறது. காய்ந்த இறாலும் கணவாய் ஓடும் இக்கரையில் எளிதில் கிடைப்பவை. நண்டின் செவுள் அறை ஈரக்காற்றில்தான் மூச்சுவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து தாமிரபரணிச் சமவெளியை உலர்த்தும் மேல்காற்றில், மூடியற்ற தொட்டியின் ஈரப்பதம் அதற்குத் தேவையான 70 முதல் 80 விழுக்காட்டுக்கு வெகு கீழே இறங்கிவிடுகிறது. மூச்சுத் திணறும் நண்டு கூட்டைவிட்டு வெளியேறுவதுண்டு. அதைச் சண்டையின் விளைவாகக் கருதுவது பிழை. நன்னீரோடு உப்புநீரும் வேண்டும் என்பதையறிந்தோர் சிலர், தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்து வைக்கின்றனர். உப்பளத்தில் உப்பாக எடுக்கப்படுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. மெக்னீசியம் முதலியவை எஞ்சும் கசப்பு நீரோடு ஒதுக்கப்படுவதால், அக்கரைசல் உவர்க்குமேயன்றிக் கடல்நீருக்கு ஈடாகாது.

புரட்டாசி இறுதி. திருச்செந்தூர்.

கோயிலுக்குச் செல்லும் வழிநெடுகக் கடைகளில் சோழியும் சங்கும் சிப்பி மாலையும் குவிந்துள்ளன. கொற்கை அகழாய்வுகளில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருப்பதை நினைத்தால், தாமிரபரணியின் முகத்துவாரத்தில் மனிதர் சங்கெடுப்பது இருபது நூற்றாண்டுக்கும் குறையாத தொழில். சங்கு வணிகம் குறித்து ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் எழுதிய நூல் இன்றும் படிக்கத்தக்கது. கைவினைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் போகும் கூடுகள் நண்டுகளின் குடியிருப்பிலிருந்தே கழிகின்றன. மணலில் கிடப்பதெல்லாம் உரிமையற்ற பொருள் என்று கருதும் சுற்றுலாப் பயணி, தம் பைக்குள் எத்தனை நண்டுகளின் அடுத்த ஆண்டைப் போட்டுக்கொள்கிறார் என்பது கணக்கில் வருவதில்லை.

ஐப்பசி. பாளையங்கோட்டை.

மழை தொடங்கிய வாரத்தில் தொட்டியின் சிறிய நண்டு ஒன்று மணலில் புதையமுயன்று, அடித்தளக் கண்ணாடி தடுக்கவே பாதி உடல் வெளித்தெரியக் கிடந்தது. மறுநாள் காலையில் வெற்றுக்கூடும் சில கால்களும் மட்டுமே இருந்தன. இதைக் கொலை என்று சொல்வோர் உண்டு. நிகழ்ந்தது யாது என்பதற்கு ஓட்டுரிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நண்டின் ஓடு வளர்வதில்லை. உடல் பெரிதாகும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, அடியில் உருவாகியுள்ள மென்மையான புது ஓட்டை நீரால் உப்பவைத்துப் பின் இறுகச்செய்யும் நிகழ்வே ஓட்டுரிப்பு. நிலவாழ் துறவி நண்டு இதற்காக ஈரமணலில் தன் உயரத்தைப்போலப் பன்மடங்கு ஆழத்துக்குச் சென்று ஓர் அறை அமைத்துக்கொண்டு, சிறியதாயின் சில வாரங்களும் பெரியதாயின் இரண்டு மாதமோ அதற்கு மேலோ அங்கே தங்குகிறது. கழற்றிய ஓட்டைத் தானே தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்கிறது. அந்நாட்களில் அதன் மென்மையான உடலிலிருந்து கசியும் மணம், பசித்த பிறநண்டுகளுக்கு உணவின் மணமேயாகும். கடற்கரையில் மணலின் ஆழம் இரண்டையும் பிரித்துவைக்கிறது. ஒரு விரல் ஆழ மணலில் அப்பிரிவு இல்லை. குறைந்தது ஒரு சாண் ஆழத்துக்கு, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரமுள்ள மணல் இருந்திருந்தால், தின்ற நண்டும் தின்னப்பட்ட நண்டும் ஒரே தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கும். புதைந்த நண்டு இறந்துவிட்டதென எண்ணித் தோண்டியெடுப்பது இதே கேட்டை மனிதரின் கையால் செய்வதாகும்.

கார்த்திகை.

ஒரு தெருவில் பெரிய வீடு ஒன்று காலியானால், அதற்குக் குடிபெயர்பவரின் வீடு காலியாகி, அதற்கு இன்னொருவர் வந்து, ஒரே காலியிடம் பல குடும்பங்களை நகர்த்துவதைச் சமூகவியலார் காலியிடச் சங்கிலி என்பர். மனிதரின் வேலை, வீடு பற்றியதாகத் தோன்றிய இக்கருத்தை ஐவன் சேஸ் துறவி நண்டுகளுக்குப் பொருத்தினார். அவரும் டிவிட்டும் 1988இல் எழுதிய கட்டுரை அதை விரித்துரைத்தது. கரீபியக் கடற்கரையின் சீனோபிட்டா கிளிபியாட்டஸ் இனத்தில் ராண்டி ராட்ஜன் குழுவினர் 2010இல் வெளியிட்டது இன்னும் சுவையானது: பெரிய வெற்றுக்கூட்டின் அருகே நண்டுகள் காத்திருந்து, பெரியது முதல் சிறியது வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றி வரிசை அமைத்து, முதல் நண்டு கூடு மாறியதும் நொடிகளில் வரிசை முழுவதும் ஒவ்வொரு கூடு முன்னேறுகிறது. தாக்குதலுக்குப் பெயர்போன அதே உயிரிதான் இவ்வாறு வரிசையில் நிற்கிறது. தொட்டியில் இது நிகழாமைக்குக் காரணம் நண்டின் குணம் மாறியதன்று. வரிசையின் தலையில் இருக்கவேண்டிய காலிக்கூடு இல்லாமையே.

மார்கழி. ஆற்றின் வாய்.

2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையில், புன்னைக்காயலுக்குத் தெற்கே அமைந்த காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்ததும், தாமிரபரணி கரைகடந்ததும் இப்பகுதியார் மறக்கக்கூடியவையல்ல. வெள்ளம் ஊர்களின் குப்பையைக் கடலில் சேர்க்கிறது. குப்பையில் பாட்டில் மூடிகள் உண்டு. நிலவாழ் துறவி நண்டுகள் செயற்கைப் பொருள்களைக் கூடாக அணிந்திருந்த 386 நிகழ்வுகளை ஒளிப்படங்களிலிருந்து திரட்டிய 2024ஆம் ஆண்டு ஆய்வில், அவற்றுள் சுமார் 85 விழுக்காடு நெகிழி மூடிகளே; 16 இனங்களுள் 10 இனங்கள் இவ்வாறு காணப்பட்டன. பாட்டிலுக்குள் நுழைந்து வெளியேற இயலாமல் மடியும் நண்டின் மணம் வேறு நண்டுகளை, காலியாகும் கூட்டுக்காக, அதே பாட்டிலுக்கு அழைக்கிறது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,70,000 நண்டுகள் இவ்வாறு இறக்கக்கூடும் என்பது 2020இல் வெளியான மதிப்பீடு.

ஜப்பான் 1970இல் நிலவாழ் துறவி நண்டுகளை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்து, பிடிப்பதைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இவற்றின் நெருங்கிய உறவான தென்னை நண்டு இடம்பெற்றுள்ளது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளிலிருந்து எதையும் எடுத்துவருவதும் குற்றம். துறவி நண்டின் இளவுயிரிகள் கடலில் மிதந்து வளர்வதால் தொட்டியில் இனப்பெருக்கம் அரிதிலும் அரிது. விற்கப்படும் ஏறத்தாழ ஒவ்வொரு நண்டும் ஏதோ ஒரு கரையிலிருந்து பிடிக்கப்பட்டதே. இருபது, முப்பது ஆண்டு வாழவல்ல அவ்வுயிரி தொட்டியில் சில மாதங்களில் இறப்பதைக் கணக்கிட்டால், சண்டையைத் தடுப்பது எப்படி என்று கேட்பதற்கு முன்னரே வாங்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்க்குச் செய்யத்தக்கது, கடைச் சங்குகளின் வண்ணத்தைப் பார்க்காமல் வாயிலை அளந்து வாங்குவதும், மணலை ஒரு சாணுக்குக் குறையாமல் நிரப்புவதுமாகும்.