நேற்றைய பாணும் நசிந்த தக்காளியும்



புருஸ்கெட்டா என்ற பெயரை இப்போது கண்டி டவுனிலும் கேட்கலாம். சில கஃபேக்களின் மெனுவில் இருக்கிறது. வாட்டிய பாண் நாலு துண்டு, அதன் மேல் காரமான தக்காளி, ஓரத்தில் ஒரு பச்சை இலை. அந்தத் தட்டின் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு கிழமைக்குப் பாண் வாங்கலாம். அதனாலேயே இது பெரிய இடத்துச் சாப்பாடு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான்.

உண்மை நேர்மாறு. காய்ந்துபோன பாணை வீசாமல் சாப்பிடுவதற்கு இத்தாலி நாட்டு ஏழைச் சனம் கண்ட வழிதான் புருஸ்கெட்டா. ரோம் பக்கத்துப் பேச்சில் 'புருஸ்காரே' என்றால் தணலில் வாட்டுவது. பெயரே அதிலிருந்துதான் வந்தது. பழைய பாணைத் தணலில் வாட்டி, வெள்ளைப்பூட்டுப் பல்லால் தேய்த்து, ஒலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவினால் போதும். தஸ்கனிப் பகுதியில் இதையே 'ஃபெத்துந்தா' என்பார்கள். 'எண்ணெய் பூசிய துண்டு' என்று அர்த்தம். ஒலிவ் செக்கில் புது எண்ணெய் வடியும்போது அதன் ருசி பார்ப்பதும் இப்படி வாட்டிய பாணில்தான்.

தக்காளி அதன் மேல் ஏறியது வெகு பிந்தி. தக்காளியும் கொச்சிக்காயும் அமெரிக்கக் கண்டத்துச் சாமான்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மூலம் ஐரோப்பாவுக்கு வந்தவை. 1690களில் நேப்பிள்ஸில் அச்சான அந்தோனியோ லாத்தினியின் சமையல் புத்தகத்தில் ஒரு தக்காளி சோஸ் இருக்கிறது. தக்காளியைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, பொடியாக வெட்டி, வெங்காயமும் கொச்சிக்காயும் சேர்த்து, உப்பு, எண்ணெய், வினாகிரி விடச் சொல்கிறார். நம் வீட்டுச் சம்பலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசியுங்கள்.

நாம் 'பாண்' என்று சொல்லும் சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுப்போனதுதான். ஆக, தட்டில் இருக்கும் எதுவும் நமக்கு அந்நியமில்லை.

இதை இன்று எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் பாடசாலையில் மனையியல் படிப்பிப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர். இடைவேளையில் வகுப்புகளைச் சுற்றி வருவோம். ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியை எப்படித் திறக்கிறது என்பதைப் பார்த்தாலே வீட்டு நிலைமை ஓரளவு விளங்கிவிடும். சில பிள்ளைகள் மூடியைப் பாதிதான் திறப்பார்கள். உள்ளே கையை விட்டுக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவார்கள். உள்ளே இருப்பது பாண். பெரும்பாலும் நேற்றைய பாண்.

2022ஐ நாம் யாரும் மறக்கவில்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கேஸ் சிலிண்டருக்கு விடியற்காலையில் வரிசை. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளையும் மூடினார்கள். மா விலை ஏற ஏற, பாண் விலையும் ஏறியது. இப்போது வரிசைகள் போய்விட்டன. ஆனால் அந்த வருடம் பல வீடுகளில் தொடங்கிய சிக்கனம் இன்னும் முடியவில்லை. இரவு வாங்கிய பாணில் மிஞ்சியதுதான் காலையில் பெட்டிக்குள் போகிறது.

ஒரு நாள் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, பெட்டியோடு வகுப்புக்குப் பின்னால் போய், இரண்டு துண்டு பாணைக் குப்பை வாளியில் போடுவதைக் கண்டோம். பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டோம்.

"ஏன் மகள், பசிக்கல்லையா?"

"பசிக்குது டீச்சர். ஆனா இது பழைய பாண். மத்தவங்க கண்டா சிரிப்பாங்க."

அந்த வாப்பா த்ரீவீல் ஓட்டுபவர். அந்தப் பாண் எப்படி வாங்கப்பட்டது என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பசியைத் தாங்கிக்கொள்ள முடிந்த பிள்ளைக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. உபதேசம் பண்ணி இதை மாற்ற முடியாது. வீண்விரயம் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாகவே தெரியும். மாற வேண்டியது, பழைய பாண் என்றால் கேவலம் என்ற எண்ணம்.

ஆகவே அடுத்த செயன்முறைப் பாடத்துக்கு எல்லாரையும் பழைய பாண் கொண்டுவரச் சொன்னோம். பழைய பாண் இல்லாதவர்கள் அன்றைக்குத் தேடித்தான் கொண்டுவர வேண்டும்! வகுப்பில் அவன் இல்லை. வெளியே சிரட்டைக் கரி மூட்டி, மேலே ஒரு கம்பி வலை வைத்தோம்.

முதலில் பாண் ஏன் காய்கிறது என்று பார்த்தோம். ஈரம் போவதால் மட்டும் பாண் கட்டியாவதில்லை. சுடும்போது இளகிய மாப்பொருள், ஆற ஆற மறுபடி இறுகிக்கொள்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். எனவே பாணை ஃபிரிட்ஜில் வைப்பது காயவைப்பதற்குச் சமம். மறுபடி சூடாக்கினால் மாப்பொருள் இளகும். உள்ளே மிருதுவாகும், வெளியே மொறுமொறுக்கும். புதுப் பாணைவிட முந்திய நாள் பாணே இதற்கு நல்லது. புதுப் பாணில் ஈரம் கூட, தக்காளியை வைத்ததும் கூழாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. காய்ந்த பாண் வேறு, பூஞ்சணம் பிடித்த பாண் வேறு. கண்டி மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சணம் வந்துவிடும். ஒரு புள்ளி கண்டாலும் முழுப் பாணையும் வீசிவிடுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிட வேண்டாம்.

இனிச் செய்முறை. நாலு பேருக்கு இது போதும்.

நன்றாகக் கனிந்த தக்காளி அரைக் கிலோ எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டுங்கள். வெள்ளைப்பூடு ஏழெட்டுப் பல், தோலோடு. இடித்த காய்ந்த கொச்சிக்காய் ஒரு தேக்கரண்டி. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அரைத் தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி, சீனி ஒரு சிட்டிகை, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் பிரட்டி, வெட்டிய பக்கம் மேலே பார்க்கத் தட்டில் அடுக்கி, 200 பாகை சூட்டில் 40 நிமிடம் அளவில் அவனில் வையுங்கள். ஓரம் கருகத் தொடங்கும்போது எடுக்கலாம்.

அவன் இல்லாவிட்டால் அடி கனத்த தாச்சி போதும். வெட்டிய பக்கம் கீழே இருக்க வைத்து, நெருப்பைக் குறைத்து, அசைக்காமல் விடுங்கள். தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் வற்றி, அடி சற்றுப் பிடிக்கும்போது திருப்புங்கள். 25 நிமிடம் எடுக்கும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் தண்ணீர்தான். அது வற்ற வற்றத்தான் இனிப்பும் புளிப்பும் ஒன்றுசேர்ந்து திரளும். அவசரப்பட்டால் கிடைப்பது தக்காளிக் கறி.

வெந்த பூட்டைத் தோலிலிருந்து பிதுக்கி, தக்காளியோடு கரண்டியால் சற்று மசியுங்கள். விழுதாக்க வேண்டாம்.

பாணை ஒரு விரல் தடிப்பில் வெட்டி, ரொட்டிக் கல்லிலோ தணலிலோ இரண்டு பக்கமும் வாட்டுங்கள். சூடாக இருக்கும்போதே பச்சைப் பூட்டுப் பல் ஒன்றை அதன் மேல் ஒரு தரம் தேயுங்கள். மொறுமொறுத்த பாணில் பூடு துருவியில் தேய்த்தது போலக் கரையும். அதன் மேல் தக்காளியை வைத்து, இலையைக் கையால் கிள்ளிப் போட்டு, இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டு, உடனே பரிமாறுங்கள். பத்து நிமிடம் வைத்திருந்தால் ஊறிவிடும்.

மிஞ்சிய தக்காளியை மூடிய போத்தலில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் பாவிக்கலாம். பூடும் எண்ணெயும் சேர்ந்தது என்பதால் வெளியில் வைக்கக் கூடாது.

வகுப்பில் இதைச் செய்துகொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைதான் கேட்டாள்:

"டீச்சர், எங்கட வீட்டில ஸைத்தூன் எண்ணெய் இல்ல. தேங்காய் எண்ணெயில செய்ய ஏலாதா?"

நல்ல கேள்வி. ஸைத்தூன் எண்ணெய் நம்மில் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பூசுவதற்கு வாங்கிய சின்னப் போத்தலைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். உணவுக்குரியது என்று லேபலில் போட்டிருக்க வேண்டும். அது விலை கூட. தேங்காய் எண்ணெயில் தாராளமாகச் செய்யலாம். அப்போது எண்ணெயைச் சூடாக்கி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, அதைத் தக்காளியில் ஊற்றுங்கள். இத்தாலிக்காரர் இதைப் புருஸ்கெட்டா என்று ஒத்துக்கொள்ளமாட்டார். பரவாயில்லை, நம் வாய்க்கு அதுதான் இன்னும் பொருந்துகிறது. அன்று இரண்டு விதமும் செய்தோம். முதலில் முடிந்தது தேங்காய் எண்ணெய்த் தட்டு.

இலைக்கு வருவோம். சுப்பர்மார்க்கெட்டில் பேசில் என்று சின்னப் பெட்டியில் விற்பார்கள். இரண்டு நாளில் கருத்துவிடும். அதை வாங்கத் தேவையில்லை. நோன்பு காலத்தில் சர்பத்துக்கும் ஃபலூதாவுக்கும் ஊறப்போடும் கசகசா இருக்கிறதல்லவா, தண்ணீரில் போட்டதும் கறுப்பு விதையைச் சுற்றி வழுவழுப்பாக ஊதுமே, அது பேசில் செடியின் விதைதான். அரபியில் ரைஹான் என்பதும் இந்த வாசனைச் செடியைத்தான். பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் ரைஹான், ரைஹானா என்ற பெயர்களும் இதுவே. துளசிக்கும், பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரிகள் மதுருத்தலா என்று சொல்வதற்கும் இது சொந்தம், வாசனை மட்டும் வேறு.

எங்கள் வீட்டில் கசகசாப் பக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, மண்ணும் தேங்காய்த் தும்புத் தூளும் கலந்த ஒரு யோகட் கோப்பையில் தூவினோம். மேலே மெல்லிதாக மண். ஒரு கிழமைக்குள் முளைத்தது. கடையில் விற்கும் பேசிலின் பெரிய இலை இதில் வராது. இலை சிறிது, வாசனை சற்றுத் தேசிக்காய்ப் பக்கம். தக்காளிக்கு நன்றாகவே சேர்கிறது. இரண்டு விஷயம் கவனியுங்கள். மழை நேரடியாக விழாமல் கூரை ஓரத்தில், ஆனால் வெயில் படும்படி வையுங்கள். பூ வரத் தொடங்கினால் நுனியைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் இலை குறைந்துவிடும். சமைக்கும்போது இலையை நெருப்பில் போட வேண்டாம். வாசனை முழுதும் ஆவியோடு போய்விடும்.

கடைசியாகத் தக்காளி. நம் பக்கத்துக்குத் தம்புள்ளையிலிருந்தும், மாரஸ்ஸன, ஹங்குரான்கெத்த பக்கங்களிலிருந்தும் வருகிறது. விலை ஒரு ஊஞ்சல். சில மாதங்களில் கிலோ ஐந்நூறைத் தாண்டும், யாரும் தொடமாட்டோம். சில மாதங்களில் பறிகூலிக்கும் காணாமல் விவசாயி வீதியில் கொட்டுவார். செய்தியில் பார்த்து "பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போவோம். சாக்கில் அடைத்து லொறியில் அடுக்குவதால் வழியில் நசிந்து போவதும் நிறைய. நாட்டில் விளையும் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் வரை வீணாகிறது என்று விவசாயத் துறையினர் சொல்லி வருகிறார்கள்.

கண்டிச் சந்தையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பின்னேரம் கடை கட்டும் நேரம் போனால், நசிந்த தக்காளியைத் தனியாகக் குவித்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். சம்பலுக்கும் சலாதுக்கும் அது சரிவராது. வாட்டுவதற்கு அதுதான் முதல் தரம். தோல் வெடித்ததை அன்றைக்கே சமையுங்கள். புளித்த மணமோ பூஞ்சணமோ இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

பாடம் முடிந்த பிறகு பிள்ளைகளின் பெட்டிகளில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். பெரிய புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. பாண் இன்னும் பாண்தான். ஆனால் மறு கிழமை இடைவேளையில் மூன்று பிள்ளைகள் ஒரே மேசையில் பெட்டிகளை முழுதாகத் திறந்து வைத்திருந்தார்கள். வாட்டிய பாண், பக்கத்தில் ஒரு சின்னப் போத்தலில் தக்காளி. "டீச்சர், இது நேத்து பாண், வேணுமா?" என்று சத்தமாகவே கேட்டார்கள். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டோம். உறைப்புச் சற்றுக் கூட.

உம்மாமாரே, வாப்பாமாரே, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு நாள் செய்து பாருங்கள். கசகசா முளைத்ததா என்று கீழே எழுதுங்கள். முளைக்காதவர்களுக்கு எங்கள் வீட்டில் நாற்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை தக்காளியை வீதியில் கொட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால், அன்றைக்கு இரண்டு கிலோ கூடுதலாக வாங்குங்கள்.