உடுப்பும் மதிப்பும்



அண்மையில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடித்து அறைவீட்டுக்குத் திரும்பினோம். வாயிற்படியில் ஒரு தாயும் மகனும் காத்திருந்தனர். மகன் பொறியியல் படிப்பை முடித்தவன். பத்து நாளில் அவனுக்குச் சென்னையில் நேர்முகத் தேர்வு. "கோட்டுப் போடாமல் போனால் நுழையும்போதே மதிப்புப் போய்விடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், ஃபாதர்" என்றான். தாயார் தம் காதுத் தோட்டைத் தொட்டுக் காட்டி, "இதை அடகு வைத்து வாங்கிக் கொடுத்துவிடலாமா, சாமி?" என்றார்.

உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நமது தந்தையார் இதே புதுவையில் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, வெறுங்கால். இதுவே அவர் கோலம். நாம் கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டில், அவர் தமது மிதிவண்டியை விற்று நமக்குக் காற்சட்டையும் கறுப்புக் காலணியும் வாங்கித் தந்தார். அதன்பின் ஆலைக்கு நடந்தே போனார். பட்டமளிப்பு நாளன்று அவரிடம், "வெயில் கடுமையாக இருக்கும், அப்பா, நீங்கள் வரவேண்டாம்" என்றோம். வெயில் ஒரு சாக்கு என்பது அவருக்குத் தெரிந்தது. நம் காலணியை ஒருமுறை பார்த்தார். "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். நாம் குருப்பட்டம் பெறுமுன்பே அவர் இறைவனடி சேர்ந்தார். மன்னிப்புக் கேட்க வாய்ப்பில்லாமற் போயிற்று என்று பலகாலம் சொல்லி வந்தோம். கேட்கத் துணிவில்லை என்பதே மெய்.

காலணிக்குப் புதுவை வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1873-ஆம் ஆண்டில் பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து இவ்வூர் நீதிமன்றத்துக்குச் சென்றார். அக்கோலத்தில் அவரை வழக்காட விடவில்லை. அவர் பணியவில்லை, பாரீசிலிருந்த உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். 1881-ஆம் ஆண்டில், இந்தியர் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்கலாம் என்று பிரெஞ்சு அரசு ஆணையிட்டபோது, அவ்வழியைத் தேர்ந்துகொண்டு, 'லா போர்த்' என்னும் பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அதற்கு 'வாயிற்கதவு' என்பது பொருள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2014 ஜூலையில், சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நடந்த விழாவுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. அன்று காலணிக்குத் தடை. பின்னர் வேட்டிக்குத் தடை. இரண்டிலும் மனிதனைப் பாராமல் உடையை மட்டுமே பார்த்தனர். பொன்னுத்தம்பியார் காலணி அணிந்தது தம் மதிப்பை நிலைநாட்ட. நாம் காலணி அணிந்ததோ, பெற்ற தந்தையை மதிப்பிழக்கச் செய்யவன்றோ?

ஆகையால் உடையைப் பேணாதே என்று சொல்ல வரவில்லை. ஊதாரி மகன் திரும்பி வந்தபோது, தந்தை முதலில் அவனுக்கு ஆடையும் காலுக்கு மிதியடியும் கொண்டுவரச் சொன்னதாகவே நம் ஆண்டவர் உவமை கூறினார். நன்றாக உடுத்துவது தவறன்று; முறையோடு உடுத்த வேண்டும்.

வெளிர் நிறத்தில் இரண்டு முழுக்கைப் பருத்திச் சட்டைகள் போதும். கடலோரத்துப் புழுக்கத்துக்குச் செயற்கை இழைத் துணி ஒவ்வாது. தோள் தையல் தோளின் முனையில் நிற்கட்டும். கை, மணிக்கட்டில் முடியட்டும். காற்சட்டை காலணியைத் தொட்டு நிற்கட்டும், சுருண்டு விழ வேண்டாம். விலையுயர்ந்த சட்டை தொளதொளவென்று தொங்குவதைவிட, காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கித் தையற்காரரிடம் அளவு திருத்திய சட்டை அழகாக இருக்கும். இடைவாரும் காலணியும் ஒரே நிறமாக இருக்கட்டும். புதுக் காலணியை ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழகுங்கள். கடிக்கும் காலணியோடு நேர்முகத் தேர்வில் நிம்மதியாக உட்கார முடியாது. பேருந்தில் சட்டை கசங்கும். தேய்த்த சட்டையைத் தனியே கொண்டுபோய் அங்கு மாற்றிக்கொள்ளுங்கள். நகம் வெட்டி, தலை வாரிச் செல்லுங்கள். கோட்டு வேண்டுமென்று நிறுவனமே எழுதியிருந்தால் இரவல் வாங்குங்கள். அதற்காகக் கடன்பட வேண்டாம்.

அந்தத் தம்பியிடமும் இதையே சொன்னோம். நமது தந்தையாரின் கதையையும் மறைக்காமல் சொன்னோம். அவன் தலை குனிந்திருந்தான். தாயாரின் தோடு காதிலேயே இருந்தது.

வேலை கிடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை. சென்னைக்குப் புறப்பட்ட அன்று, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, தாயாரையும் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்த நண்பர்களிடம் "இவர் என் அம்மா" என்று சொன்னானாம். கேட்டு மகிழ்ந்தோம்.

இளைஞர்களே, இந்த ஆண்டு நீங்கள் புத்தாடை உடுத்திப் புறப்படும்போது, அதை வாங்கித் தந்தவர்களும் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.